இடைநிலை ஒரு பொருளா, ஓர் இடமா? அணு ஒன்று மூலக்கூறில் மோதும்போது நடப்பது

கேட்கப்பட்டது இதுதான். தனி ஹைட்ரஜன் அணு ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறில் மோதி, அதிலிருக்கும் ஓர் அணுவோடு சேர்ந்துகொண்டு மற்றதை வெளியே தள்ளுகிறது. இந்த வினைக்குப் பாடப்புத்தகத்தில் மேடு போல ஒரு வளைகோடு வரைந்து, உச்சியில் மூன்று அணுக்களையும் புள்ளிக்கோட்டால் இணைத்து 'இடைநிலை' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? எவ்வளவு நேரம் இருக்கும்? யாராவது பார்த்திருக்கிறார்களா? போதிய ஆற்றல் இருந்தும் சில மோதல்கள் ஏன் வினையில் முடிவதில்லை? நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று நினைக்கிறேன்: இடைநிலை என்பது குடுவைக்குள் இருக்கும் ஒரு பொருளா, கணக்குப் போடுகிறவர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட ஓர் அடையாளமா? மூன்று, நான்கு அணுக்கள் மோதிக்கொள்வதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதே பல ஆண்டுகளாக என் வேலை என்பதால், கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் டிரான்சிஷன் ஸ்டேட்டையும் இன்டர்மீடியட்டையும் இரண்டையுமே 'இடைநிலை' என்று சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பதிலில் 'இடைநிலை' என்றால் டிரான்சிஷன் ஸ்டேட் மட்டும். வினையின் நடுவில் உண்டாகி, கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்து, பிறகு மறையும் மூலக்கூறை 'இடைப்பொருள்' என்று சொல்கிறேன். இடைப்பொருள் ஒரு பள்ளத்தில் கிடக்கும். அதை வெளியே எடுக்க ஆற்றல் வேண்டும். இடைநிலைக்கு அப்படிக் கிடக்க ஒரு பள்ளம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கு அந்த வளைகோடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரான்கள் மிக லேசானவை. அணுக்கருக்கள் நகர நகர அவை உடனுக்குடன் ஒழுங்காகிவிடும் என்று எடுத்துக்கொண்டால், மூன்று அணுக்களின் ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் ஆற்றல் மதிப்பு உண்டு. அணுக்கள் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டே தொலைவுகள்: வருகிற அணுவுக்கும் நடு அணுவுக்கும் இடையே ஒன்று, நடு அணுவுக்கும் கடைசி அணுவுக்கும் இடையே ஒன்று. இவ்விரண்டையும் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று வைத்து ஆற்றலை உயரமாக வரைந்தால் ஒரு நிலப்படம் கிடைக்கும். அதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு பள்ளத்தாக்குகள். ஒன்றில் பழைய மூலக்கூறு, மற்றதில் புதிய மூலக்கூறு. மூலையில் இரண்டையும் இணைக்கும் ஒரு கணவாய். பாடப்புத்தக வளைகோடு, இந்தப் பள்ளத்தாக்கின் தரையோடு நடந்துபோனால் ஏறி இறங்கும் உயரத்தை விரித்துக் காகிதத்தில் போட்டது. அதில் உச்சியாகத் தெரியும் புள்ளிதான் கணவாய். போகிற வழியில் பார்த்தால் அது உச்சி; வழிக்குக் குறுக்கே பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர் எழும்பும் பள்ளம். குதிரைச் சேணம் போன்ற இந்த வடிவத்தைத்தான் சேணப்புள்ளி என்கிறோம். குறுக்குவாட்டில் அணுக்கள் கட்டுப்பட்டிருக்கின்றன. போகும் திசையில் அவற்றைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை.

இந்த அளவுக்குச் சந்தேகமே இல்லை. ஹைட்ரஜன் வினையில் கணவாயின் உயரம் ஏறத்தாழ 0.42 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு மோலுக்கு 40 கிலோஜூல். அந்த இடத்தில் இரண்டு தொலைவுகளும் சமம், ஒவ்வொன்றும் 0.93 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறில் அணுக்களுக்கு இடையே 0.74 ஆங்ஸ்ட்ராம்தான். இதில் எனக்கு எப்போதும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பை முழுதாக அறுக்க, பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால், ஏறத்தாழ 4.75 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். வினை நடப்பதற்கோ அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை. பழைய பிணைப்பு தளரும் அதே நேரத்தில் புதிய பிணைப்பு இறுகி, செலவில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் கையிலிருந்து போடவேண்டியது அந்த 0.42 மட்டும்.

நீங்கள் கேட்ட 'பொருளா, இடமா' என்ற கேள்வி இந்தத் துறையில் ஒரு காலத்தில் நிஜமாகவே திறந்து கிடந்தது. 1931-ல் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் போலானியும் இந்த வினைக்கான நிலப்படத்தை முதன்முதலாக வரைந்தார்கள். குவாண்டம் கொள்கையில் கொஞ்சம், சோதனையில் அளந்த எண்களில் கொஞ்சம் என்று கலந்து போட்ட கணக்கு அது. அதில் கணவாயின் உச்சியில் ஆழமில்லாத ஒரு குழி வந்தது. பின்னாளில் அதை 'ஐரிங் ஏரி' என்றே அழைத்தார்கள். அந்த ஏரி நிஜமாக இருந்தால் மூன்று அணு ஹைட்ரஜன் அங்கே சற்றுத் தங்கும். அப்போது அது ஒரு பொருள், ஓர் இடைப்பொருள். ஏரி கணக்கு முறையின் குறையால் வந்ததா, இயற்கையிலேயே இருக்கிறதா என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1973-ல் லியூ நேர்கோட்டு அமைப்புக்கும், 1978-ல் சீக்பானும் லியூவும் மற்ற அமைப்புகளுக்கும் சேர்த்துத் துல்லியமான குவாண்டம் கணக்குகளை வெளியிட்டபோது, உச்சியில் ஒற்றைச் சேணம்தான் இருந்தது, ஏரி இல்லை. அதன் பிறகு வந்த இன்னும் நுட்பமான கணக்குகள் எதுவும் இதை மாற்றவில்லை. ஆகவே இந்த வினையைப் பொறுத்தவரை இடைநிலை ஓர் இடம் என்று உறுதியாகச் சொல்லலாம். (மூன்று அணு ஹைட்ரஜன் அயனி என்று ஒன்றைப் படித்திருப்பீர்கள். அது ஓர் எலக்ட்ரான் குறைந்த, சமபக்க முக்கோண வடிவிலுள்ள, நிலையான பொருள். விண்வெளியில் ஏராளமாகக் கிடைக்கிறது. அது வேறு, இது வேறு.)

சரி, எவ்வளவு நேரம்? ஒரே ஒரு மோதலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மோதல் ஆற்றல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தனி அணுவும் மூலக்கூறும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் வினாடிக்கு 12 கிலோமீட்டர். பெரிய வேகம்தான். ஆனால் நம் அளவுகோலில் அது ஒரு ஃபெம்டோ வினாடிக்கு 0.12 ஆங்ஸ்ட்ராம். ஃபெம்டோ வினாடி என்பது வினாடியைக் கோடிகோடியாகவும் அதற்கு மேல் பத்தாகவும் கூறுபோட்டதில் ஒரு கூறு. 3 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் வந்துகொண்டிருக்கும் அணுவுக்கு மூலக்கூறு இருப்பதே ஏறக்குறையத் தெரியாது. மூலக்கூறு தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு அதிர்வுக்கு 8 ஃபெம்டோ வினாடி. அணு 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்ததும் சரிவு தொடங்குகிறது, வேகம் குறைகிறது. அதே நேரம் மூலக்கூறின் அதிர்வில் ஒரு மாற்றம்: நடு அணு வெளிப்பக்கம் போய்த் திரும்புவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது. பிணைப்பு தளர்ந்துவிட்டது. அடுத்த சில ஃபெம்டோ வினாடிகளில் இரண்டு தொலைவுகளும் 0.93-ஐ ஒட்டி வருகின்றன. அந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தால் நடு அணு யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. பிறகு மறுபக்கச் சரிவு. கடைசி அணு விலகுகிறது, புதிய மூலக்கூறு அதிரத் தொடங்குகிறது. கணவாயை ஒட்டிய பகுதியில் செலவான மொத்த நேரம் 10 ஃபெம்டோ வினாடியை ஒட்டித்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒளியே 3 மைக்ரோமீட்டர் தூரம்தான் போகும்.

இந்த இடத்தில் ஒரு தவறான கணக்கு அடிக்கடி நுழைகிறது. 1935-ல் ஐரிங் ஒரு பக்கமும், எவான்சும் போலானியும் இன்னொரு பக்கமும் வினைவேகத்துக்குக் கொடுத்த வாய்பாட்டில், வெப்பநிலையை போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கி பிளாங்க் மாறிலியால் வகுத்த ஒரு பெருக்குத்தொகை இருக்கிறது. அறை வெப்பநிலையில் அது வினாடிக்கு 6.2 இலட்சம் கோடி. இதைத் தலைகீழாக்கினால் 160 ஃபெம்டோ வினாடி வரும். 'இதுதான் இடைநிலையின் ஆயுள்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எல்லா வினைக்கும் ஒரே ஆயுளா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே இது சரியில்லை என்று தெரியும். அந்த எண் ஆயுளே இல்லை. கணவாயில் ஒரு கோடு போட்டு, வினாடிக்கு எத்தனை பேர் அதைத் தாண்டுகிறார்கள் என்று எண்ணும்போது வெப்பச் சமநிலையிலிருந்து தானாக வந்து விழும் காரணி அது.

அந்தக் கொள்கையின் உயிரே இந்தக் கோடுதான். கோட்டை ஒருமுறை தாண்டியவர் திரும்பி வரமாட்டார் என்பது அதன் ஒரே பெரிய அனுமானம். திரும்பி வந்தால் கொள்கை வேகத்தைக் கூடுதலாகச் சொல்லிவிடும். ஹைட்ரஜன் வினையை நேர்கோட்டில் வைத்துச் செவ்வியல் இயக்கவியலில், அதாவது நியூட்டனின் விதிப்படி, ஓட்டினால், வாசலுக்கு (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு) மேலே ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வரை இந்த அனுமானம் துல்லியமாகவே உண்மை, ஒருவர்கூடத் திரும்புவதில்லை. 1970-களின் இறுதியில் பெச்சுகாசும் போலாக்கும் இதற்கான காரணத்தைக் கண்டார்கள். ஆற்றலை இன்னும் ஏற்றினால் சில பாதைகள் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் மோதி, திரும்பி வரத் தொடங்கும். அதனால்தான் இன்று வேலை செய்கிறவர்கள் கோட்டைச் சேணப்புள்ளியிலேயே போட்டுவிட்டு ஓய்வதில்லை. கடப்பவர் எண்ணிக்கை மிகக் குறைவாக வரும் இடம் எது என்று தேடி அங்கே போடுகிறார்கள். அப்படியானால் 'இடைநிலை' சேணப்புள்ளியாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கடப்பதற்கு மிக நெருக்கடியான இடம் அது, அவ்வளவுதான்.

இனி, போதிய ஆற்றல் இருந்தும் மோதல் ஏன் வீணாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறின் பங்குக்கு வரும் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட் அளவு. 0.42 என்பது அதைப்போல் 16 மடங்கு. ஆகவே ஏறத்தாழ ஒரு கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் தேவையான ஆற்றல் இருக்கும். அந்த ஒன்றும் சரியான கோணத்தில் வரவேண்டும். நேர்கோட்டில் வந்தால் கணவாய் 0.42 உயரம். அணு பக்கவாட்டில் சாய்ந்து வரவர உயரம் ஏறும். மூன்று அணுக்களும் சமபக்க முக்கோணமாக நிற்கும் அமைப்புக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நேராக முட்டும் மோதல்களே வினையில் முடிவதால், வாசலை ஒட்டிய ஆற்றல்களில் புதிய மூலக்கூறு வந்த வழியே பின்னோக்கித் தெறிக்கிறது. சோதனையில் அளந்தவர்கள் இதைத்தான் கண்டார்கள்.

கோணமும் சரி, ஆற்றலும் சரி என்றாலும் இன்னொன்று இருக்கிறது: ஆற்றல் எந்த வடிவத்தில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததே இதைப் புரிந்துகொண்ட நாளில்தான். நிலப்படத்தில் ஒரு பந்தை உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் பந்து ஓடுவது மோதல் வேகம். அகலவாக்கில் இரண்டு சுவர்களுக்கும் இடையே அது அலைவது மூலக்கூறின் அதிர்வு. கணவாய் திருப்பத்துக்கு முன்னாலேயே, உள்வரும் பள்ளத்தாக்கில் இருந்தால், நேராக ஓடி வரும் பந்து அதே வேகத்தில் ஏறிவிடும். அலைந்துகொண்டே மெல்ல வரும் பந்துக்கு, அதே மொத்த ஆற்றல் இருந்தாலும், ஏறுவதற்கு வேண்டிய திசையில் ஒன்றுமில்லை. கணவாய் திருப்பத்துக்குப் பின்னால், வெளியேறும் பள்ளத்தாக்கில் இருந்தால் கதை தலைகீழ். நேராக ஓடி வரும் பந்து திருப்பத்தின் சுவரில் முட்டித் திரும்பிவிடும். அலைந்து வரும் பந்துக்கோ அந்த அலைவே மூலை திரும்பியதும் முன்னோக்கிய ஓட்டமாகிவிடும். முன்தடை வினைக்கு வேகம், பின்தடை வினைக்கு அதிர்வு. ஜான் போலானியின் விதிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். 1931-ல் முதல் நிலப்படத்தை வரைந்த மைக்கேல் போலானியின் மகன் இவர். 1986-ல் டட்லி ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முன்தடைக்கு நல்ல சாட்சி ஃபுளோரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கும் வினை. அதன் சேணப்புள்ளியில் ஹைட்ரஜன்களுக்கு இடையே 0.77 ஆங்ஸ்ட்ராம், அதாவது மூலக்கூறு இன்னும் நீண்டதே இல்லை எனலாம். ஃபுளோரினோ 1.5 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேலே தள்ளி நிற்கிறது. தடையும் மிகச் சிறியது, 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே. அமைப்பும் நேர்கோடு இல்லை, 120 பாகையை ஒட்டி மடங்கியிருக்கிறது. கணவாயைத் தாண்டியதும் ஏறத்தாழ 1.4 எலக்ட்ரான் வோல்ட் பள்ளம். அந்தச் சரிவில் இறங்கும்போது ஃபுளோரின் இன்னும் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே விடுபடும் ஆற்றல் புதிய பிணைப்பை இழுத்து விடுவதில், அதாவது அதிர்வில், போய்ச் சேர்கிறது. கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அதிர்வுக்கே போகிறது. பிறக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு மூலக்கூறுகளில் அதிகம் பேர் இரண்டாம் அதிர்வுப் படியில் இருக்கிறார்கள் (அதிர்வின் ஆற்றல் தனித்தனிப் படிகளாகத்தான் ஏறும்). அடிப்படியில் இருப்பவர்கள் மிகக் குறைவு. கீழே ஆளில்லாமல் மேலே கூட்டம் இருந்தால் லேசர் உண்டாக்கலாம். வேதி லேசர் என்பது இப்படிப் பிறந்ததுதான்; 1965-ல் காஸ்பரும் பிமென்டலும் ஹைட்ரஜன் குளோரைடில் அதைச் செய்து காட்டினார்கள்.

பின்தடைக்குச் சாட்சி பொட்டாசியம் அணு ஹைட்ரஜன் குளோரைடைத் தாக்கும் வினை. ஆற்றல் உள்ளே போட்டால்தான் நடக்கும் வினை இது. ஹைட்ரஜன் குளோரைடை முதல் அதிர்வுப் படிக்கு ஏற்றிவிட்டால் வினை நூறு மடங்கு அளவுக்கு எளிதாகிறது என்று 1971-ல் புரூக்ஸ் குழுவினர் காட்டினார்கள். மோதல் வேகத்தைக் கூட்டினால் இவ்வளவு லாபம் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த விதிகளை எல்லா இடத்துக்கும் நீட்டவேண்டாம். மூன்று அணு வினைகளுக்கு அவை நன்றாகப் பொருந்துகின்றன. அணுக்கள் கூடக்கூடச் சிக்கலாகிறது. குளோரின் அணு மீத்தேனைத் தாக்குவது பின்தடை வினை. நான்கில் மூன்று ஹைட்ரஜனை டியூட்டீரியமாக (இருமடங்கு கனமான ஹைட்ரஜனாக) மாற்றி, மீதியுள்ள ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் அதிரவிட்டால் வினை பாய்ந்து நடக்கவேண்டும். 2007-ல் தைவானில் கோபின் லியூ குழு இதை அளந்தபோது, அதே அளவு ஆற்றலை மோதல் வேகமாகக் கொடுத்தால் கிடைப்பதைவிட அதிர்வு பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பின்னர் வந்த குவாண்டம் கணக்குகள், எந்த ஆற்றலில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்கின்றன. மெல்ல வரும் அணுவைக் கணவாய்க்கு வெகு முன்பே பலவீனமான ஈர்ப்புகள் திசை திருப்பிவிடுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இது இன்னும் பேச்சில் இருக்கும் விஷயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பார்த்திருக்கிறார்களா? பெரும்பாலான சான்றுகள் சுற்றுவழிச் சான்றுகள். இரண்டு மெல்லிய கற்றைகளை வெற்றிடத்தில் குறுக்கே விட்டு, விளைபொருள் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில், எந்த அதிர்வுப் படியில் பறக்கிறது என்று அளப்பது குறுக்குக் கற்றைச் சோதனை. அங்கே பார்ப்பது கணவாயைத் தாண்டி வந்தவர்களை. கணவாயைப் பற்றி அவர்களிடமிருந்து ஊகிக்கிறோம். அகமது செவைல் ஃபெம்டோ வினாடி லேசர் துடிப்புகளால் பிணைப்பு உடைவதையே நேரப்படி தொடர்ந்தார். 1987-ல் அயோடின் சயனைடு 200 ஃபெம்டோ வினாடிகளில் பிரிவதைக் காட்டினார். 1999-ல் நோபல் கிடைத்தது. ஆனால் அது ஒளியால் உடையும் மூலக்கூறு, இரண்டு பேர் மோதும் வினை அல்ல. மோதலில் கடிகாரத்தை எந்தக் கணத்தில் தொடங்குவது என்பதே பெரிய சிக்கல். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு நேரத்தில் மோதுகிறது.

என் பார்வையில் நேரில் பார்த்ததற்கு மிக அருகில் வந்தது 1993-ல் வெளியான ஒரு சோதனை. அதை விளக்கவே ஆசையாக இருக்கிறது. ஃபுளோரைடு அயனி ஹைட்ரஜன் மூலக்கூறை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு நிலையான எதிர்மின் அயனி உண்டு. அதில் மூன்று அணுக்களும் நிற்கும் விதம் தற்செயலாக, நாம் மேலே பார்த்த ஃபுளோரின்-ஹைட்ரஜன் வினையின் கணவாய்க்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. லேசரால் கூடுதல் எலக்ட்ரானை உதைத்துத் தள்ளினால், அணுக்கள் நகர நேரம் கிடைக்கும் முன்பே அயனி நடுநிலையாகிவிடும். அதாவது எந்த மோதலும் இல்லாமல், மூன்று அணுக்களையும் கணவாயின் மேலேயே கொண்டுபோய் விட்டாயிற்று. வெளியே பறக்கும் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால், மிச்சம் எவ்வளவு உள்ளே விடப்பட்டது என்று தெரியும். டேனியல் நியூமார்க் குழு அளந்த நிறமாலையில் வரிசையாக முகடுகள் இருந்தன. அவை கணவாய்க்குக் குறுக்கே மூன்று அணுக்கள் மடங்கி ஆடும் ஆட்டத்தின் படிகள் என்று மனோலோபூலஸ் உள்ளிட்டோரின் குவாண்டம் கணக்கு காட்டியது. மேலே பார்த்த மடங்கிய அமைப்பைக் கொண்ட புதிய நிலப்படத்தை வைத்துப் போட்ட கணக்கு, அளந்த முகடுகளோடு ஒத்துப்போனது. போகும் திசையில் பிடிமானம் இல்லாவிட்டாலும் குறுக்குத் திசையில் கட்டுண்டிருப்பதால் இடைநிலைக்கும் ஒரு நிறமாலை உண்டு. ஓர் இடத்துக்கு இவ்வளவு தெளிவான கைரேகை இருக்க முடியும் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

இதே வினையில் இன்னொரு நீண்ட வழக்கு நடந்தது. ஒத்திசைவு என்று சொல்லும் நிலையில், மூன்று அணுக்களும் சற்று அதிக நேரம் சேர்ந்து சுழன்றுவிட்டுப் பிரியும். 1985-ல் லீ குழு, மூன்றாம் அதிர்வுப் படியில் பிறக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு முன்னோக்கிப் பறப்பதைக் கண்டு, அதை ஒத்திசைவின் அடையாளம் என்று கருதினார்கள். ஆனால் பின்னர், ஒத்திசைவுக்கே இடமில்லாத செவ்வியல் பாதைக் கணக்கிலும் முன்னோக்கிச் சிதறல் வந்தது. ஆகவே அந்தச் சான்று மட்டும் போதவில்லை. 2000-ல் ஹைட்ரஜனுக்குப் பதில் ஒரு பக்கம் டியூட்டீரியம் உள்ள மூலக்கூறை வைத்துத் தைவானில் செய்த அளவீட்டில், குறைந்த ஆற்றலில் வினை நிகழ்வாய்ப்பில் தெளிவான ஒரு படி தெரிந்தது. 2006-ல் சீனாவின் டாலியனில் ஷூமிங் யாங் குழு சாதாரண ஹைட்ரஜனுக்கும் அதைக் காட்டியது. இப்போது ஒத்திசைவு உண்டு என்பதில் பெரும்பாலானோருக்குச் சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: அணுக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கணவாயின் உச்சி கிடையாது. கணவாயைத் தாண்டிய வெளிவாசலில், மூன்றாம் படி அதிர்வோடு ஹைட்ரஜன் ஃபுளோரைடு, விலகப் பார்க்கும் அணுவைப் பலவீனமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் குழி அது. 'இடைநிலையின் ஒத்திசைவு' என்று செய்திகளில் எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

கணவாயை ஏறாமலேயே கடப்பவர்களும் உண்டு. ஹைட்ரஜன் லேசான அணு என்பதால் குவாண்டம் சுரங்க விளைவு பெரிதாகவே இருக்கிறது. குளிரக் குளிர, மேலே ஏறிப் போகிறவர்களைவிட ஊடுருவிப் போகிறவர்களே அதிகம். இதை அழகாகச் சோதித்த வேலை 2011-ல் வந்தது. மியுவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான ஒரு துகள். புரோட்டானுக்குப் பதில் நேர்மின் மியுவான் இருக்கும் மியுவோனியம் ஹைட்ரஜனைவிட ஒன்பது மடங்கு லேசு. ஓர் எலக்ட்ரானுக்குப் பதில் எதிர்மின் மியுவானை ஹீலியத்தில் வைத்தால், வேதியியலில் அது நான்கு மடங்கு கனமான ஹைட்ரஜன் போலவே நடந்துகொள்ளும். இவ்விரண்டையும் ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதவிட்டார்கள். நிலப்படம் ஒன்றே, அணுவின் எடை மட்டும் 36 மடங்கு மாறுகிறது. குவாண்டம் கணக்கு இரண்டு முனைகளிலும் அளவீட்டோடு நன்றாகப் பொருந்தியது. இந்த வினையை நாங்கள் உண்மையிலேயே புரிந்துகொண்டிருக்கிறோம் என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

எல்லா மோதலுக்கும் கணவாய் உண்டு என்று நினைத்துவிடவும் வேண்டாம். பொட்டாசியம் அணு புரோமின் மூலக்கூறை நெருங்கும்போது, பல ஆங்ஸ்ட்ராம் தொலைவிலேயே தன் எலக்ட்ரானை வீசிவிடுகிறது. அந்த நொடியே இரண்டும் எதிரெதிர் அயனிகள். மின்விசை இழுத்துச் சேர்த்துவிடுகிறது. ஈட்டி எறிந்து கயிற்றால் இழுப்பது போன்றது என்பதால் அதற்கு ஈட்டி இயங்குமுறை என்றே பெயர். அங்கே ஏறவேண்டிய மேடு இல்லை, முடிவைத் தீர்மானிப்பது எலக்ட்ரான் தாவும் தொலைவு. 2004-ல் ஃபார்மால்டிஹைடு ஒளியில் சிதையும்போது இன்னொரு புதுமை தெரிந்தது. கிட்டத்தட்டப் பிய்ந்துபோன ஒரு ஹைட்ரஜன் அணு, போகாமல் சுற்றித் திரிந்து, மற்ற ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வழக்கமான சேணப்புள்ளியின் பக்கமே அது போவதில்லை.

நான் சொன்னதெல்லாம் வெற்றிடத்தில், சில அணுக்கள் தனியாக மோதும் வினைகளுக்கு. கரைசலிலும் நொதிகளிலும் சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான அணுக்களும் அந்தக் கோட்டின் பகுதி ஆகிவிடுகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்பதே முறை.

உங்களுக்கு நிரல் எழுத வருமானால் ஒன்று செய்துபாருங்கள். 1936-ல் ஹிர்ஷ்ஃபெல்டர், ஐரிங், டாப்லி ஆகியோர் இந்த ஹைட்ரஜன் மோதலின் பாதையைக் கையால் படிப்படியாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை இன்று ஒரு சாதாரண மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். நேர்கோட்டு ஹைட்ரஜன் வினைக்கு 1955-ல் சாட்டோ திருத்திய எளிய நிலப்பட வாய்பாடு போதும்; நியூட்டனின் விதியை 0.1 ஃபெம்டோ வினாடிப் படிகளில் ஓட்டுங்கள். வாசலை ஒட்டிய ஒரு மோதல் ஆற்றலை எடுத்துக்கொண்டு, மூலக்கூறு அதிர்வின் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் பந்து கடக்கும், இன்னொரு கட்டத்தில் திரும்பும். கடப்பதற்கும் திரும்புவதற்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாதி, பாதியாகச் சுருக்குங்கள். சுருக்கச் சுருக்கப் பந்து கணவாயில் தயங்கும். முன்னும் போகாமல் பின்னும் போகாமல், குறுக்குவாட்டில், இரண்டு பிணைப்புகளும் சேர்ந்து நீண்டு சேர்ந்து சுருங்க, ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம் ஆடிவிட்டு ஏதோ ஒரு பக்கம் உருளும். எண்களின் துல்லியம் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறதோ அவ்வளவு நேரம் அதை அங்கே நிற்கவைக்கலாம். பாடப்புத்தகத்தில் மேட்டின் உச்சியில் புள்ளிக்கோட்டோடு வரைந்திருக்கும் அந்த மூன்று அணுக்களுக்கு மிக அருகில் வருவது இந்த ஆட்டம்தான்.